கொடைக்கானல்ல கோல்ஃப் ஆட கிளம்புறீங்களா, மொதல்ல மலை ஏறுற கதைய பாருங்க

சிங்கப்பூர்ல இருந்து மதுரைக்கு லீவுல வர்ற நம்மாளுங்க கோல்ஃப் பேக்கை தூக்கிட்டு வர்றது ரொம்ப கம்மி, ஊர்ல எங்க ஆடப்போறோம்னு ஒரு நெனப்பு. இந்த தடவை நான் கொண்டு வந்தேன். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல ஆரம்பிச்சது, 18 ஹோல் (பந்தை போட வேண்டிய குழி), கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். ஆட முடியுமா, என்ன கட்டணம்னு முன்னாடியே போன் போட்டு கேட்டுட்டா அந்த வேலை முடிஞ்சுது, மலை ஏறி நேரத்துக்கு டீல, அதாவது மொத பந்தை அடிக்கற எடத்துல, போய் நிக்கிறது தான் பெரிய வேலை.

மலைக்கு வண்டில போக இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்கற அனுமதி, கட்டாயம். ஹைகோர்ட் உத்தரவால 2024 மே 7ல இருந்து இருக்கு, ஊட்டிக்கும் இதே தான். வெளிநாட்டு நம்பர் வச்சிருக்கறவங்க ஈமெயில்லயே பதிவு பண்ணிக்கலாம், அரசாங்க சைட்டாச்சேன்னு நெனச்சுட்டே தொறந்தேன், சும்மா சொல்லக்கூடாது, டக்குனு வந்துடுச்சு. சீசன்ல மட்டும் கணக்கு வேற, 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டி தான்னு வச்சாங்க, அதனால அந்த நேரத்துல போறவங்க பாஸ் கையில வந்தப்புறம் ரூம் போடுங்க.

டாக்சி தான் கடுப்பு. ஒரு ரேட்டு பேசி ஏத்திட்டு, வத்தலக்குண்டு தாண்டுனதும் ஹில்ஸ் சார்ஜ் தனின்னு ஆரம்பிச்சாரு டிரைவர், பேக்கை மேல கேரியர்ல கட்டிரலாம்னு வேற சொன்னாரு, மழை தூறிட்டு இருக்கு! பேட்டா, டோல், ஹில்ஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு ஏறும்போதே கேட்டு மெசேஜா வாங்கி வச்சுக்கோங்க. ஒருநாள்ல போயி ஆடிட்டு இறங்கிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, மதியத்துக்கு மேல மிஸ்ட் இறங்கிடுச்சுன்னா அடிச்ச பந்து எங்க போச்சுன்னே தெரியாது. முந்தின நாளே போய் தங்கி, காலைல ஆடுங்க, தூங்கி எழுந்தா மூச்சு வாங்குறதும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்.

ஆட்டம் எப்படின்னா, அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல அஞ்சுல நாலு பங்கு தான். சிங்கப்பூர் செந்தோசா மைதானத்துல 150 யார்டு போற என் ஏழு அயர்ன் (ஏழாம் நம்பர் மட்டை) அடி இங்க 160க்கு மேல போயிட்டே இருந்துச்சு, அதனால வழக்கமா எடுக்கறத விட ஒரு படி கம்மி தூரம் போற மட்டைய எடுங்க. சந்தோஷப்பட்டு டிரைவரை (ரொம்ப தூரம் அடிக்கற மட்டை) ஓங்கி வீச வேண்டாம், காலைல பனி ஈரத்துல பந்து விழுந்த எடத்துலயே ஒட்டிக்குது, உருளவே மாட்டேங்குது, பறக்கறதுல கெடைச்சது அங்கேயே போயிடும். ஏத்த எறக்கம் வேற, தூரம் எவ்வளவுன்னு கேடி (கூடவே பேக் தூக்கிட்டு வர்றவரு) சொல்றத கேளுங்க, அவங்களுக்கு அந்த புல்லு அத்துப்படி.

என் கூட வந்த கேடி வயசானவரு. ஃபேர்வே (புல்லை வெட்டி வச்சிருக்கற ஆட்டப்பாதை) நடுவுல ஒரு காட்டுமாடு நின்னு மேஞ்சிட்டு இருக்கு, ஆளு உயரம், கால்ல வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. நான் போனை எடுத்துட்டு ரெண்டடி முன்னாடி வச்சேன், "தம்பி, நில்லுங்க, அவரு போனப்புறம் அடிச்சுக்கலாம்"னாரு. நின்னோம், அவரு நிதானமா மேஞ்சு முடிச்சுட்டு தான் போனாரு. கோல்ஃப் ரூல்படி சாணி லூஸ் இம்பெடிமென்ட் (எடுத்து போடக்கூடிய இயற்கை தடங்கல்), எடுத்து போட்டுட்டு ஆடலாம், குளம்பு பதிஞ்ச குழிக்கு அப்படி கிடையாது, அந்த கிளப்போட லோக்கல் ரூல் இருந்தா தான் ரிலீஃப் (தண்டனை இல்லாம பந்தை நகர்த்தி வச்சுக்கறது), ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, நடுவுல நின்னு வாக்குவாதம் பண்ணா நல்லாருக்காது.

கேடிக்கு கையில காசா குடுங்க, நம்ம சிங்கப்பூர் போன்ல ஜிபே ஓடல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மலைக்கு கொண்டு போகக்கூடாது, ஸ்டீல் பாட்டில் போதும். குளிருதேன்னு சன்ஸ்க்ரீன விட்டுட்டு போயிடாதீங்க, உயரத்துல வெயில் தோலை நல்லாவே உரிக்கும். டிசம்பர் ஜனவரில போறவங்க ஆட்டம் ஆரம்பிக்கற டீ டைமை கொஞ்சம் லேட்டா கேளுங்க, விடிகாலைல புல்லுல உறைபனி இருக்கும்.