மலேரியா வார்டில் கையடக்க ஸ்கேன்: மண்ணீரலைப் பார்க்க எவ்வளவு தேறும்?

செல்போனில் செருகிப் பார்க்கும் கையடக்க அல்ட்ராசவுண்ட் புரோப், வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வரும் ஊர்களில் தேவையா? தேவைதான், ஒரே ஒரு கேள்விக்காக: வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா?

மலேரியாவில் மண்ணீரல் கிழிவது அபூர்வம். கிழிந்தால் பெரும்பாலும் புதிதாகத் தொற்று வந்தவருக்குத்தான். சில நாட்களிலேயே மளமளவென்று வீங்குவதால் அதன் உறை இழுபட்டு நிற்கும். இடது விலாவுக்குக் கீழே வலி, இடது தோள்பட்டை வலி, ஏறும் நாடி, இறங்கும் ஹீமோகுளோபின் என எது தெரிந்தாலும் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். புரோபை எடுங்கள்.

நோயாளி மல்லாந்து படுக்கட்டும். அக்குளின் பின்விளிம்பிலிருந்து நேர்கீழே இறங்கும் கோட்டில், 9 முதல் 11 வரையிலான விலா இடைவெளிகளில், புரோபில் உள்ள குறி தலைப்பக்கம் இருக்க வையுங்கள். உங்கள் விரல் முட்டி மெத்தையில் இடித்தால் இடம் சரி. ஆழம் 15 செ.மீ. புதியவர்கள் முன்னால் தள்ளி வைத்துவிட்டு இரைப்பைக் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறுநீரகத்துக்கும் மண்ணீரலுக்கும் நடுவே மட்டும் தேடுவதும் போதாது. ரத்தம் உதரவிதானத்துக்கு அடியில்தான் முதலில் தேங்கும். இடுப்புக்குழியையும் பார்த்துவிடுங்கள்.

திரவம் திரையில் கருப்புப் பட்டையாகத் தெரியும்; மேலே சொன்ன அறிகுறிகளோடு அது தெரிந்தால் ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கருவிக்கு நல்ல மதிப்பெண். தெரியாவிட்டால்தான் சிக்கல். 200 மில்லிக்குக் குறைவான ரத்தம் பெரும்பாலும் பிடிபடாது. புதிதாக உறைந்த ரத்தம் மண்ணீரலின் அதே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். ரத்த ஓட்டம் அடைபட்டுச் செத்த பகுதி ஓரத்தில் ஆப்பு வடிவில் தெரிய வேண்டும், ஆனால் முதல் நாள்களில் தெரியாமலே போகலாம். இந்தச் சிறு கருவிகளில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க உள்ள டாப்ளர் வசதியும் மெதுவான ஓட்டத்தைக் காட்டுவதில் சுமார்தான். சந்தேகம் நீடித்தால் கான்ட்ராஸ்ட் சிடி (ரத்தக்குழாயில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்) எடுங்கள், அதற்கிடையே சில மணி நேரத்துக்கொருமுறை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

நீளம் அளக்கவும் நம்ப முடியாது. பெரிதாக வீங்கிய மண்ணீரலின் ஒரு முனை திரைக்கு வெளியே போய்விடலாம். தெரிவதை மட்டும் அளந்தால் குறைத்துக் காட்டும்.

ஏசி இல்லாத வார்டில் தொடர்ந்து ஓட்டினால் புரோப் சூடேறித் தானே நின்றுவிடும். பார்த்ததும் ஃப்ரீஸ் போட்டு படத்தை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று: கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 பிசிபிஎன்டிடி சட்டப்படி மருத்துவமனையின் பதிவில் இந்தக் கருவியும் ஏற வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.