டச்பேடுக்கு உரிய டிரைவரைத் தேடிப் பொருத்தித் தரும் கொழிஞ்சாம்பாறைக் கடை

கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸ் இயங்குதளத்தில் நடப்பதால், தமிழ்வழி மாணவர்கள் நிறைந்த எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்திலும் பழைய லேப்டாப்பில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போர் உண்டு. நாங்களும் அவ்வாறே நிறுவினோம். டச்பேடில் சுட்டி நகர்ந்தது. இரு விரலால் பக்கத்தை உருட்ட மட்டும் முடியவில்லை. ஒரு கடையில் டச்பேடையே மாற்ற வேண்டும் என்றார்கள். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் உள்ள சிறிய பழுதுபார்ப்புக் கடைக்காரரோ திருப்புளியை எடுக்கவே இல்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் கண்டறிந்த உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியலை அவர் முதலில் திறந்து காட்டினார். எங்கள் டச்பேட் அதில் 'பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ்' என்று பதிவாகியிருந்தது. சினாப்டிக்ஸ், ஆல்ப்ஸ், எலான்டெக் முதலிய டச்பேட் வகைகளில் எது என்று பிஎஸ்மவுஸ் என்னும் கர்னல் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வரிசையாகச் சோதிக்கும் என்றும், எதுவும் பொருந்தாதபோது வெறும் மவுஸாகவே ஏற்றுக்கொள்ளும் என்றும், அந்த நிலையில் எத்தனை விரல்கள் பட்டன என்ற தகவலே மேலே வராது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் சென்று, 'பேசிக்' என்றிருந்த டச்பேட் அமைப்பை 'அட்வான்ஸ்டு' என மாற்றினார். மறுபடி இயக்கியதும் டச்பேட் ஐ2சி என்னும் வேறோர் இணைப்பு வழியாகத் தெரிந்தது. பெயரோடு அதன் தயாரிப்பாளரான எலான் நிறுவனத்தைக் குறிக்கும் 04எஃப்3 என்ற எண்ணும் வந்தது. பல விரல் தொடுதலைக் கையாளும் எச்ஐடி மல்டிடச் என்ற கர்னல் டிரைவர் தானாகவே அதை ஏற்றுக்கொண்டது.

வேலை அங்கே முடியவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு நாங்கள் நிறுவியிருந்த பழைய சினாப்டிக்ஸ் எக்ஸ் டிரைவர் (கர்னலுக்கு மேலே, திரைக்காட்சி அமைப்பில் இயங்குவது), இப்போது வழக்கமாக அந்த வேலையைச் செய்யும் லிப்இன்புட்டை முந்திக்கொண்டு டச்பேடைப் பிடித்திருந்தது. உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் அமைப்புப் பக்கத்தில் செய்த மாற்றங்கள் பலிக்காததற்கு அதுவே காரணம். கர்னல் டிரைவர் வேறு, அதற்கு மேலே இயங்கும் டிரைவர் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் கருவியை நம்பிக் கொடுக்கலாம். அந்தப் பழைய தொகுப்பை அவர் நீக்கியபின் இருவிரல் உருட்டலும் தட்டிச் சொடுக்குவதும் சீராக இயங்குகின்றன.

ஒரு குறை உண்டு. என்னென்ன மாற்றினார் என்பதை அவர் எழுதித் தருவதில்லை. ரசீதில் 'சர்வீஸ்' என்று மட்டுமே இருக்கிறது. பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பினால் இதே கோளாறு மீண்டும் வரும் என்பதால், அங்கே செல்வோர் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுசென்று ஒவ்வொரு மாற்றத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.