பழைய மொழிபெயர்ப்பா, திருவிவிலியமா: சபையில் வாசிக்க எது?

எங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் மேசையில் கிடந்த பெரிய எழுத்து வேதாகமத்தின் முதுகு கிழிந்து, ஆதியாகமம் மட்டும் தனியாகக் கழன்று வந்தது. ஒரு குடும்பம் தங்கள் தாயாரின் நினைவாகப் புதிதாக ஒன்று வாங்கித் தர முன்வந்தது. எந்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய விஷயம், மூன்று கூட்டம் இழுத்தது. நடுவில் ஒருவர் எழுந்து வெளியே போனார். இரண்டு குடும்பங்கள் சில மாதம் ஆலயப் பக்கமே வரவில்லை.

வாசகர் பட்டியலில் என் பெயரும் உண்டு. கடைசிக் கூட்டத்தில் நான் திருவிவிலியத்துக்குக் கை தூக்கினேன். இரண்டு வருடம் ஆகிறது. அதனால் நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லப் போவதில்லை.

பழைய மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்வது ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் ஒரு குழு உழைத்து, 1871இல் முழுமையாக வெளிவந்த வேதாகமம். திருவிவிலியம் 1995இல் வந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து செய்தது. அச்சு, கட்டு, எழுத்தின் அளவு இதெல்லாம் இரண்டிலும் நன்றாகவே கிடைக்கிறது, அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. கத்தோலிக்கர் ஏற்று, நாம் வேதமாக ஏற்காத 'இணைத் திருமுறை நூல்கள் உள்ளே வந்துவிடுமே' என்று ஒரு பயம் எழுந்தது. எந்த ஞாயிறு எதை வாசிப்பது என்று சொல்லும் எங்கள் பாட அட்டவணையில் அந்தப் புத்தகங்கள் வருவதே இல்லை. பின்னே யார் வாசிக்கப் போகிறார்கள்?

சொற்களில்தான் சண்டை. தேவன் போய்க் கடவுள், கர்த்தர் போய் ஆண்டவர், பரிசுத்த ஆவி போய்த் தூய ஆவியார், நித்தியஜீவன் போய் நிலைவாழ்வு. அப்போஸ்தலர் நடபடிகள் 'திருத்தூதர் பணிகள்' ஆகிவிட்டது. 'இது கத்தோலிக்க வாடை அடிக்குது' என்றார் ஒரு பெரியவர். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் 'மேய்ப்பர்' இருந்த இடத்தில் 'ஆயர்' என்று வாசித்தபோது, ஓய்வுநாள் பள்ளிப் பையன் ஒருவன் 'பேராயர் வேற, ஆயர் வேறயா?' என்று கேட்டது உண்மை. சிரித்தாலும், அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'தேவன்' என்ற சொல்லை மாற்றுவது விசுவாசத்தையே மாற்றுவது என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. பவருக்கு முன்பு, பதினெட்டாம் நூற்றாண்டு லுத்தரன் மிஷனரி ஃபப்ரீசியஸின் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருந்தது 'பராபரன்'. அந்த மொழிபெயர்ப்பைப் பின்னால் வந்த மிஷனரி ரேனியுஸ் திருத்தப் போனபோது, கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். பவர் மொழிபெயர்ப்பு வந்த பிறகும் லுத்தரன் சபைகள் வெகுகாலம் ஃபப்ரீசியஸை விடவில்லை. அதாவது இன்று நாம் பழையது என்று கட்டிப் பிடித்திருப்பது, ஒரு காலத்தில் புதிது என்று ஒதுக்கப்பட்டது. பின்னால் லார்சன், மோனகன் போன்றவர்கள் தலைமையில் வந்த திருத்தங்கள் சபைகளில் எடுபடவே இல்லை. ஆகவே பழையதற்கு வெறும் பழக்கம் மட்டும் பலம் இல்லை, அதன் ஓசையிலும் ஏதோ இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, எனக்கு முடிவைத் தீர்த்தது எது என்றால், காது.

வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிப்பது வேறு. புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம், கீழே கோடு போடலாம். ஆலயத்தில் ஒருவர் வாசிக்க, நூறு பேர் கேட்கிறார்கள். கையில் புத்தகம் இருப்பவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. வசனம் காதில் விழுந்த அந்த நொடியிலேயே புரிய வேண்டும், திரும்பக் கேட்க வழியில்லை. பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் இரண்டு வகையாக நடந்துகொள்கிறது. தெரிந்த பகுதி என்றால் தேன். யோவான் 3:16இல் 'தேவன்' என்று தொடங்கி, குமாரன், விசுவாசிக்கிறவன், கெட்டுப்போகாமல் என்று சுற்றி, கடைசியில் 'அன்புகூர்ந்தார்' என்று வந்து நிற்கும்போது யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வசனத்தை நாம் கேட்கிறோமா? வாசகர் 'தேவன்' என்றதுமே மீதி நம் மனசுக்குள் தானாக ஓடிவிடுகிறது.

மனப்பாடம் இல்லாத பகுதிக்கு வந்தால்தான் சிக்கல். எபேசியர் முதல் அதிகாரம், ரோமரின் நடுப்பகுதி, எபிரெயர், சின்னத் தீர்க்கதரிசிகள். 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்', 'ஆக்கினைத்தீர்ப்பு', 'விருத்தசேதனம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாக்கியம் முடிவதற்குள் எழுவாய் யார் என்பது மறந்துபோகும். வாசிக்கிற எனக்கே மூச்சு வாங்கும். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நடுவில் நிறுத்தி, அர்த்தத்தைக் கெடுத்த நாட்கள் உண்டு. 'ஆமென்' மட்டும் சரியாக வந்துவிடும்.

இதை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். என் அப்பாவுக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை, நான்தான் வாசித்துக் காட்டுவேன். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை ஒரு நாள் பழையதில் வாசித்தேன். 'நல்லா இருக்குப்பா' என்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அதே அதிகாரத்தைத் திருவிவிலியத்தில் வாசித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். 'கேபாங்கிறது யாரு, பேதுருவா?' ஆமாம் என்றேன். 'அப்போ பவுல் பேதுருவையே எல்லார் முன்னாலயும் நிறுத்திக் கேட்டுட்டாரா?' அந்த அதிகாரத்தை அவர் ஐம்பது வருடத்தில் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று தெரியாது. பழையதிலும் அந்தச் செய்தி தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. அவர் காதில் நுழையவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. யோவான் நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண் தண்ணீர் மொள்ள வருகிறாள். பழையதில் 'ஸ்திரீ', 'வந்தாள்'. புதியதில் 'பெண் ஒருவர்', 'வந்தார்'. மரியாளுக்கும் அப்படியே, எல்லாம் 'அவர்'தான். பொருளில் ஒரு மாற்றமும் இல்லை, விகுதி ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆனால் அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் என்னைப் பிடித்து, 'தம்பி, இன்னைக்கு அந்தக் கிணத்தடி அம்மாவுக்கு நல்ல மரியாதை' என்றார். கமிட்டியில் மூன்று கூட்டம் பேசியும் இதை எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை. கமிட்டியில் அப்போது எல்லாரும் ஆண்கள்.

இனி எதிர்ப்பக்கத்தின் பலமான இடங்கள். உபதேசம் சம்பந்தமாக வந்த குற்றச்சாட்டுகளில் முதலாவது 1 யோவான் 5:7. பழையதில் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரையும் பெயர் சொல்லி, திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை, அப்படியே எடுத்து வைக்கிற வசனம். புதியதில் அந்த வரி இல்லை. 'திரித்துவத்தையே வெட்டிட்டாங்க' என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இல்லை, எதிர்ப்புக்குப் பிறகு 1522இல்தான் சேர்த்தார். போதகர் ஐயா இதைப் பொறுமையாக விளக்கினார். திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை என்றும் சொன்னார். மேசையைத் தட்டியவர் சமாதானமாகவில்லை. எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஐயாவின் வார்த்தையை நம்பித்தான் நான் பேசுகிறேன், அவரும் யாரையோ நம்பித்தான் பேசியிருப்பார்.

இரண்டாவது குற்றச்சாட்டை என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. 'விசுவாசம்' என்ற சொல் இருந்த இடத்தில் புதியது 'நம்பிக்கை' என்கிறது. பழையதில் 'நம்பிக்கை' வேறு வேலையில் இருந்தது. 1 கொரிந்தியர் 13இன் கடைசி வசனத்தில் பழையது 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று அடுக்கும். புதியது 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. பழையதில் இரண்டாவதாக நின்ற சொல், இங்கே முதலாவதாக, வேறு பொருளில் வந்து நிற்கிறது. ஒரு கல்யாணத்தில் நான் புதியதை வாசிக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் பழையதை வாய்க்குள் முணுமுணுக்க, கடைசி வசனத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. 'எதிர்நோக்கு' என்று நான் சொன்னதும் மாப்பிள்ளையின் மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் ஏதோ தப்பாக வாசித்துவிட்ட மாதிரி. நீதிமானாக்கப்படுதல் 'ஏற்புடையவர் ஆதல்' ஆனதிலும் எனக்கு முழு நிறைவில்லை. நீதிமன்றத்தில் தீர்ப்பு கேட்ட மாதிரி ஒரு கனம் பழைய சொல்லில் இருந்தது. புதிய சொல் காதுக்கு இதம், ஆனால் கொஞ்சம் லேசு.

அப்புறம் மனப்பாடம். பாமாலை, கீர்த்தனை, ஆராதனை முறைமை, விசுவாசப் பிரமாணம், கல்லறையில் சொல்கிற வசனம் எல்லாம் பழைய சொற்களின் மேல் கட்டிய வீடு. பிரசங்கத்தில் ஐயா வசனம் எடுத்துச் சொல்லும்போது இன்றும் தொண்ணூறு சதவீதம் பழையதுதான் வருகிறது, அவரை அறியாமலே. வாசித்தது ஒன்று, பிரசங்கிப்பது ஒன்று என்று இளைஞர்கள் கேலி செய்கிறார்கள். வேத வினா போட்டிக்கும் மனப்பாட வசனத்துக்கும் பழையதுதான் கணக்கு. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன். பிள்ளைகள் இரண்டு சொற்களையும் தெரிந்து வளர்ந்தால் நல்லதா, எதுவும் மனதில் நிற்காமல் போகுமா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்ல இரண்டு வருடம் போதாது.

போனில் இன்னும் எளிய மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன, இளைஞர்கள் அதைத்தான் திறக்கிறார்கள். சபை நடுவில் சத்தமாக வாசித்துப் பழகாததால் அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. பழைய ஏற்பாட்டிலும் பாட அட்டவணையில் வந்த பகுதிகளை மட்டுமே திருவிவிலியத்தில் வாசித்திருக்கிறேன். எசேக்கியேலின் ஆலய அளவுகள் எந்த மொழிபெயர்ப்பில் வாசித்தாலும் புரியாது என்பது என் சந்தேகம்.

வராமல் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றது பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறது. அங்கே கீபோர்டு, டிரம்ஸ், ஸ்கிரீனில் பாட்டு, கைதட்டல் எல்லாம் உண்டு, வேதாகமம் மட்டும் அசையாமல் பழையது. எங்கள் ஆலயத்தில் டிரம்ஸ் வரக்கூடாது என்று முதலில் எதிர்த்தது அந்த வீட்டுக்காரர்தான். பழமை என்று ஒவ்வொருவரும் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போதைக்கு ஏற்பாடு இப்படி: ஞாயிறு பாடங்கள் திருவிவிலியத்தில், அடக்க ஆராதனை பழையதில், கல்யாணத்துக்கு வீட்டார் விருப்பம். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு மட்டும் எதுவும் முடிவாகவில்லை. போன வருடம் லூக்கா இரண்டாம் அதிகாரம் எனக்கு விழுந்தது. மேசையில் இருந்த புதியதில் மரியா குழந்தையைத் 'தீவனத் தொட்டியில்' கிடத்துகிறார். பொருள் அதுதான், மாட்டுத்தொழுவம் பார்த்த யாருக்கும் புரியும். அப்போதுதான் பாடகர் குழு அதையே பழைய மொழிபெயர்ப்பின் சொல்லில் 'முன்னணை' என்று பாடி உட்கார்ந்திருந்தது. நான் பையிலிருந்து என் சொந்தப் பழைய வேதாகமத்தை எடுத்து, புதியதின் மேலேயே விரித்து வைத்து வாசித்துவிட்டேன். ஐயா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.