காரைக்குடிக் குழாய் வரைபடம்: லீஃப்லெட்டா, மேப்லிப்ரேயா?

செட்டிநாட்டு ஊர்களின் குடிநீர்க் குழாய்களைக் கணினியில் மாதிரியாக்குவது எங்கள் வேலை. கணக்குப் போடுவது ஈபாநெட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் மென்பொருள். கணக்கில் குறையில்லை. வரைபடம்தான் பழசு. பின்னணியில் ஒரே ஒரு படத்தை ஒட்டலாம். ஜூம் செய்தால் தெரு கட்டம் கட்டமாகச் சிதறிவிடும். கானாடுகாத்தானில் ஒரே வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எந்தத் தெருக் குழாயில் இணைப்பு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் மாதிரியே தப்பாகிவிடும். அதனால் திரைப் பகுதியை மட்டும் பிரவுசருக்கு மாற்ற முடிவெடுத்து, லீஃப்லெட், மேப்லிப்ரே என்ற இரண்டு வரைபட நிரல் நூலகங்களை ஓட்டிப் பார்த்தோம்.

லீஃப்லெட் 2011 முதல் இருக்கிறது. ஒரே நாளில் பிடிபட்டுவிடும். குழாயைத் தொட்டால் விட்டம் காட்டுவதும், வால்வை இழுத்து நகர்த்துவதும் சில வரி நிரல்தான். ஆனால் வழக்கமான முறையில் ஒவ்வொரு குழாயும் பிரவுசருக்குத் தனித்தனி எஸ்விஜி உறுப்பு, அதாவது தனியாக நினைவில் வைத்துப் பராமரிக்க வேண்டிய ஒரு கோட்டு வடிவம். பள்ளத்தூர் அளவுக்கு இது போதும். காரைக்குடியை முழுசாக ஏற்றி, 24 மணி நேர அழுத்தத்தை மணிக்கு மணி நிறம் மாற்றி ஓடவிட்டதும் திணறியது. எல்லாவற்றையும் ஒரே படமாக வரையும் கேன்வாஸுக்கு மாற்றினோம், கொஞ்சம் தேறியது, அவ்வளவே.

மேப்லிப்ரேயின் பிறப்பு வேறு மாதிரி. 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனம் தன் நூலகத்தின் திறந்த உரிமத்தைக் கைவிட்டபோது, முந்தைய பதிப்பிலிருந்து கிளைத்தது இது. வெப்ஜிஎல் வழியாகக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் வேலையைக் கொடுக்கிறது. குழாய்களின் வடிவம் ஒருமுறை போய்ச் சேர்ந்தால், அப்புறம் நிறம் மட்டும் மாறும். காலையில் எல்லா வீட்டுக் குழாயும் திறந்த நேரம் அழுத்தம் குறைந்து வரைபடத்தின் கடைக்கோடி சிவப்பதும், மதியம் மெல்ல நீலமாவதும் தடங்கலின்றி ஓடியது.

இதில் எனக்கு வலித்தது தமிழ்தான். நாங்கள் சோதித்த பதிப்பு எழுத்தை ஒவ்வொரு குறியாக வரைந்தது. ‘கோட்டையூர்’ என்பதில் ‘கோ’வின் கொம்பும் காலும் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நின்றன. லீஃப்லெட்டில் பெயர்ப்பலகை இணையப் பக்கத்தின் சாதாரண எச்டிஎம்எல், எழுத்துகளைச் சேர்த்துக் கோப்பதைப் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். சரி, ஊர், தொட்டிப் பெயர்களை மட்டும் மேப்லிப்ரேயின் மேல் எச்டிஎம்எல் அடையாளங்களாக ஒட்டினோம். தீர்ந்தது.

ஒரே ஊரணியைச் சுற்றிய சின்ன ஊருக்கு லீஃப்லெட் போதும், அங்கே மேப்லிப்ரே வீண் உழைப்பு. நகரத்துக்கும் பல ஊர்க் கூட்டுத் திட்டத்துக்கும் மேப்லிப்ரேதான், என் கை அதன் பக்கமே.

எதை எடுத்தாலும் குழாய் நீளத்தைத் திரையிலிருந்து அளக்கவே கூடாது. இரண்டுமே வழக்கமாக வெப் மெர்க்கேட்டரில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தூரத்தை நீட்டிக் காட்டும் முறையில், வரைபவை. அந்த ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) அப்படியே ஈபாநெட்டுக்குக் கொடுத்துத் தானியங்கி நீளத்தைப் போட்டால், நம் 10 பாகை அட்சரேகையில் 1,000 மீட்டர் குழாய் 1,015 மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். உராய்வு இழப்பும் அதே அளவு ஏறும். தூரத்தை ஏறக்குறைய உண்மையான மீட்டரில் தரும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டல ஆயங்களில் நீளத்தைக் கணக்கிட்டு, திரைக்கு மட்டும் மாற்றி அனுப்புங்கள்.