சேவைக்காலப் பணம் சிக்கினால் யாரிடம் போவது? சங்கத் தலைவர், தொழில் அலுவலகம், சட்டத்தரணி, தரகர்

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்துவிட்டு வேலையிலிருந்து நிற்கும் ஒரு அம்மாவுக்கு மூன்று பணம் வரவேண்டும். ஒன்று ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப். அவர் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் கம்பெனி போட்ட 12 வீதமும் அதில் இருக்கும். இரண்டாவது கம்பெனி மட்டும் 3 வீதம் போடும் ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈடிஎஃப். மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாள் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். நாள் சம்பளம் 1,350 ரூபா, சேவை 30 வருடம் என்றால் சேவைக்காலப் பணம் மட்டுமே 567,000 ரூபா. ஒரு லயத்துக் குடும்பம் தன் ஆயுளில் மொத்தமாகக் கையில் வாங்கும் காசு பெரும்பாலும் இந்த மூன்றும்தான். அதனால்தான் இது சிக்கும்போது யாரை நம்புவது என்ற கேள்வியை நான் சும்மா விடுவதில்லை.

யாரிடம் போவது என்பதற்கு முன்னால், சிக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடதாசியில் சிக்கலா, இல்லை தோட்டம் காசே கட்டவில்லையா? இரண்டுக்கும் போகவேண்டிய இடம் வேறு.

கடதாசிச் சிக்கல் என்றால் பலருக்குப் பெயர்தான். தோட்டத்தின் வேலையாள் பதிவேடான செக்ரோலில் லெட்சுமி. அடையாள அட்டையில் அப்பா பெயரோடு லெச்சுமி. ஈபிஎஃப் உறுப்பினர் அட்டையான பி கார்டில் புருசன் பெயரின் முதலெழுத்தோடு இன்னொரு லட்சுமி. மூன்றும் ஒரே ஆள் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், கொழும்பில் கணக்குப் பார்ப்பவருக்குத் தெரியாது. இதற்கு வழக்குப் பேசுபவர் தேவையில்லை. தோட்ட ஆபீசிலிருந்து ஒரு உறுதிக் கடிதம், கிராம சேவகரின் சான்று, சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான பெயர்ச் சிக்கல் தீரும். இந்த வேலைக்குத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரை மிஞ்ச ஆளில்லை. பெரிய கிளாக்கரின் மேசைக்கு நேராகப் போய் நிற்கக்கூடியவர் அவர்தான். பழைய செக்ரோல் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறியபோது சிலருக்கு ஈபிஎஃப் இலக்கம் மாறியிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பழைய இலக்கத்தையும் தேடி எடுக்கச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணக்கு அப்படியே தூங்கும்.

சங்கத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. தன் உறுப்பினருக்காக, தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் அதுவே மனுப் போடலாம், சட்டத்தரணி இல்லாமல் அதன் பிரதிநிதியே பேசலாம். சந்தா மாதாமாதம் சம்பளத்தில் பிடிபட்டதுதானே, உரிமையோடு கேளுங்கள்.

ஆனால் தோட்டம் காசு கட்டாத சிக்கலில் சங்கத்தை மட்டும் நம்பி உட்காருவதை நான் ஏற்கமாட்டேன். வேலையை விட்டு நின்றதும் சந்தா நிற்கிறது. சந்தா நின்றதும் உங்கள் ஃபைல் அடுக்கில் கீழே போகிறது. ‘துரையோடு’, அதாவது தோட்ட முகாமையாளரோடு, ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்ற பதில் தீபாவளிக்கும் வரும், சித்திரைக்கும் வரும். இந்தப் பேச்சு சிலருக்குப் பெரிய நட்டமாகவே முடியும். நியாயமில்லாமல் வேலையால் நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். ஏழாவது மாதத்தில் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை. ஆகவே சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் சட்டப் பகுதிக்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். சங்கத்தின் கடிதத் தலைப்பில் தோட்டத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைத் திகதியோடு வாங்குங்கள். பிரதி தராத சங்கம் கடிதம் எழுதவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது தொழில் அலுவலகம், அதாவது அரசின் தொழில் திணைக்களத்தின் அலுவலகம். நம் ஆட்கள் இதைக் கடைசியில் தேடிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் இது முதலில் இருக்கவேண்டிய இடம். ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. தொழில் அதிகாரி இரண்டு பக்கத்தையும் விசாரணைக்குக் கூப்பிடலாம், சம்பளப் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லலாம். நம்மிடம் இல்லாத கடதாசியைத் தோட்டத்திடமிருந்து வெளியே எடுக்க வைக்கும் அதிகாரம் அது. சேவைக்காலப் பணத்தை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். தாமதமானால் மேலதிகமாகவும் கட்டவேண்டும்: ஒரு மாதத்துக்குள் என்றால் 10 வீதம், படிப்படியாக ஏறி 12 மாதத்தைத் தாண்டினால் 30 வீதம். அப்படியும் கட்டாவிட்டால் தொழில் ஆணையாளரின் சான்றிதழோடு விஷயம் நீதிமன்றம் போகும். அந்த வழக்கைத் திணைக்களமே நடத்தும், நீங்கள் சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. துரையோடு நடக்கும் எந்தப் பேச்சிலும் இந்த 30 வீதம் உங்கள் பக்கம் இருக்கவேண்டும். ‘மொத்தத்தைத் தவணையில் தருகிறோம்’ என்று தோட்டம் சொல்லும்போது மேலதிகத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. தாமதம் ஆகும். விசாரணைக்குத் தோட்டப் பக்கத்தில் ஆள் வராமல் திகதி தள்ளிப் போகும். மேல் டிவிஷனிலிருந்து டவுனுக்கு இறங்குவதென்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், முழங்கால் வலியோடு. கடிதம் சிங்களத்தில் வந்து, வாசிக்க ஆள் தேடும் நேரத்தில் விசாரணைத் திகதி தாண்டிப் போவதும் நடக்கிறது. தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, பதிலும் தமிழில் வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி போடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வரவேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முறைப்பாட்டு இலக்கம் கையில் இருந்தால்தான் அடுத்த தடவை பேச்சு ஆரம்பத்திலிருந்து தொடங்காது.

சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்படுத்திக் கொடுப்பார்கள். ஈபிஎஃப் பணம் கேட்கும் கே படிவம் நிரப்ப இங்கே போகத் தேவையில்லை. ஆனால் உறுப்பினர் இறந்துவிட்டார், பின்னுரித்தாளர் பெயர் கொடுத்திருக்கவில்லை, பிள்ளைகளுக்குள் இழுபறி, இல்லை இரண்டாம் தாரம் ஒன்று உண்டு என்றால் விஷயம் நீதிமன்றத்தைத் தொடும். அந்த இடத்தில் இவர்கள்தான் சரி. கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள்.

தனியார் சட்டத்தரணியும் இதே மாதிரி வழக்குகளுக்குத்தான், வேகம் வேண்டுமென்றால், காசு இருந்தால். ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். தொழில் வழக்கு பேசிப் பழக்கம் உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. காணி வழக்கில் கெட்டிக்காரர் இதிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்லமுடியாது. முதல் நாளே ‘தொழில் அலுவலகத்துக்குப் போனீங்களா?’ என்று கேட்டு, போகாதவரை அங்கே அனுப்பி வைக்கும் சட்டத்தரணியை நான் நம்புவேன். தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து அல்லவா அதைச் சொல்கிறார்?

அப்புறம் தரகர். படிவம் நிரப்பித் தருகிறேன், கொழும்பில் ஆள் இருக்கிறது, வரும் காசில் நூற்றுக்கு இவ்வளவு போதும் என்பவர். இவரிடம் போகவே வேண்டாம். ஈபிஎஃப் பணம் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் உரியவரின் கணக்குக்கே வரக்கூடியது. அதை எடுக்க இடையில் ஆள் இருக்கவேண்டியதில்லை. வங்கிப் புத்தகம், ஏடிஎம் கார்ட், அதன் இரகசிய இலக்கம், வெற்றுத் தாளில் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாக்களிடம் பெருவிரல் அடையாளம் வாங்கிக்கொண்டு, அவர்கள் சார்பில் எல்லாம் செய்யும் அதிகாரப் பத்திரமான அற்றோனித் தத்துவம் எழுதிக்கொள்ளும் அளவுக்கும் போகிறார்கள். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தாலே அந்தப் படிவத்தை நிரப்பலாம். நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள்.

நான் சொல்லும் வரிசை இதுதான். பெயர்ச் சிக்கலைத் தலைவரோடு தோட்ட ஆபீசிலேயே முடியுங்கள். சேவைக்காலப் பணம் வராவிட்டால் 31ஆம் நாள் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு, சங்கம் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. ஒன்று மற்றதைத் தடுக்காது. மரணம், வாரிசு என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. யாரிடம் போனாலும் மூலப் பத்திரங்களை விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோ பிரதி மட்டும் கொடுங்கள். பி கார்ட், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றும் வீட்டில்தான் இருக்கவேண்டும். இன்னும் வேலையில் இருப்பவர்கள் இந்த மாதமே பி கார்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். செக்ரோலில் பெயர் இருக்கும்வரை திருத்துவது சுலபம்.