உதவி நாயை இலவசமாகத் தரும் பிரெஞ்சு அறச்சங்கம்: ஒரு புதுவைக் குடும்பத்தின் மதிப்பீடு

முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ பிரான்சில் உறவினர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்த உறவினர்களில் சிலர் விபத்தாலோ நோயாலோ சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள். பாரிசுக்கு வடக்கே சர்செல்லில் குடியிருக்கும் என் பெரியம்மா மகளும் அவர்களுள் ஒருவர். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டதால் அவருக்குக் கால்கள் இயங்குவதில்லை. கைகள் அசைந்தாலும் விரல்களில் பிடிப்பு இல்லை. ஆந்திஷியென் என்னும் சங்கம் அவருக்குப் பயிற்சி பெற்ற உதவி நாய் ஒன்றைத் தந்திருக்கிறது. இது தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான்: எவ்வளவு செலவாயிற்று, உண்மையிலேயே பயன்படுகிறதா, இங்கே ஒன்றைக் கொண்டுவர முடியுமா. அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது நான் கண்டவற்றையும் அவர் சொல்லக் கேட்டவற்றையும் வைத்து இதற்கு விடை எழுதுகிறேன்.

இந்தச் சங்கம் 1989-இல் மரி-குளோத் லெப்ரே என்னும் ஆசிரியையால் தொடங்கப்பட்டது. அதன் முதல் பயிற்சி மையம் நார்மண்டிப் பகுதியில் உள்ள அலான்சோன் நகரில் அமைந்தது. உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாயைப் பழக்கித் தரும் யோசனைக்கு முன்னோடி, அமெரிக்காவில் போனி பெர்கின் 1975-இல் தொடங்கிய கனைன் கம்பானியன்ஸ் அமைப்பு. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்கள் அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டன என்றாலும், கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கவும் கதவைத் திறக்கவும் நாயைப் பழக்கலாம் என்று யாரும் முறையாக முயலவில்லை.

நாய் செய்யும் வேலையைச் சற்று அருகிலிருந்து சொன்னால்தான் இந்தச் சேவையின் தரம் புரியும். அக்காவின் நாய்க்குச் சஃப்ரான் என்று பெயர். பிரான்சில் வம்சாவளிப் பதிவு பெறும் நாய்களுக்கு அவை பிறந்த ஆண்டுக்குரிய எழுத்தில் தொடங்கும் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், பெயரைக் கேட்டாலே அது 2021-இல் பிறந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் அக்காவின் வங்கி அட்டை சமையலறையில் விழுந்து, வழவழப்பான தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதை எடுக்க நமக்கே நகம் வேண்டும். சஃப்ரான் முதலில் அதை மூக்கால் சுவர் ஓரம் வரை தள்ளியது. சுவரில் முட்டி அட்டையின் ஒரு விளிம்பு லேசாக எழும்பியதும் முன்பற்களால் பற்றிக்கொண்டு, இரண்டு முன்கால்களையும் அக்காவின் மடியில் ஊன்றி எழுந்து நின்று, 'தோன்' (பிரெஞ்சில் 'கொடு') என்று அவர் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தது. அட்டையில் பல் தடம் இல்லை. எச்சில் மட்டும் தாராளமாக இருந்தது.

இதுபோல ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டளைகளை இந்த நாய்கள் கற்றுக்கொண்டு வருகின்றன. கைப்பிடியில் கட்டிய துணிப் பட்டையை இழுத்துக் கதவைத் திறப்பது, மூக்கால் தள்ளி மூடுவது, எழுந்து நின்று விளக்கு சுவிட்சை அழுத்துவது, சட்டைக் கையைப் பல் படாமல் பிடித்துக் கழற்றுவது, கடையில் பணப்பையைக் கல்லாவில் இருப்பவரிடம் நீட்டுவது, அக்கா நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டால் குரைத்து ஆளைக் கூப்பிடுவது ஆகியவை அவற்றுள் சில. லாப்ரடாரையும் கோல்டன் ரிட்ரீவரையும் இதற்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வேட்டையில் விழுந்த பறவையைக் குதறாமல் வாயில் கவ்விக் கொண்டுவருவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனங்கள் அவை; தீனி என்றால் எதையும் கற்றுக்கொள்ளும். அடித்துப் பழக்கும் முறை இங்கே இல்லை. சரியாகச் செய்தால் ஒரு தீனித் துண்டும் பாராட்டும் கிடைக்கும். தவறினால் ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான்.

உதவி நாய்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அன்பைப் பற்றியே பேசுகிறார்கள். அன்பு மட்டும்தான் வேண்டுமென்றால், இரண்டு பிஸ்கட்டுக்கு எங்கள் தெருமுனை நாயே வேண்டிய அளவு தரும். இந்தச் சேவையை நான் மதிக்கும் காரணம் வேறு. அக்கா ஊருக்கு வரும்போது சஃப்ரானை அழைத்து வருவதில்லை. நீண்ட விமானப் பயணமும், வெளிநாட்டு விலங்குகளுக்கான அனுமதி நடைமுறைகளும், நம் ஊர் வெயிலும் அதற்குக் கட்டுப்படியாகாது என்று, நாயைக் குட்டியாக இருந்தபோது வளர்த்த குடும்பத்திடமே விட்டுவிட்டு வருகிறார். முத்தியால்பேட்டை வீட்டில் அவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆயினும் கைபேசி கட்டிலுக்கு அடியில் போனால், யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்த்து, வந்தவர் கையில் வேலை இருக்கிறதா என்று கவனித்து, அதன் பிறகே கேட்கிறார். அடுத்த அரை மணி நேரத்தில் பேனா விழுந்தால் அதைக் கேட்பதில்லை, எழுதுவதை நிறுத்திவிடுகிறார். சர்செல்லில், உதவிக்கு ஆள் இல்லாதபோதுகூட, அவர் எழுதுவதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. கேட்பதற்குத் தயங்க வேண்டாத ஓர் உதவியாளரை இந்தச் சங்கம் அவருக்குத் தந்திருக்கிறது என்பதே என் முதல் மதிப்பீடு.

இந்த அளவுக்கு ஒரு நாயைப் பழக்குவது எளிதன்று. ஏறத்தாழ இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது அதைத் தன்னார்வக் குடும்பம் ஒன்று ஏற்று, ஓர் ஆண்டுக்கும் மேலாக வளர்க்கிறது. தினமும் ரயில், சந்தை, பள்ளிக்கூட வாசல், மின்தூக்கி என்று கூட்டிப் போய், எந்தச் சத்தத்துக்கும் மிரளாத பழக்கத்தையும் அடிப்படைக் கட்டளைகளையும் ஊட்டுவது அந்தக் குடும்பத்தின் வேலை. இதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது; தவறாமல் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்; கடைசியில் நாயைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அதன் பிறகு சங்கத்தின் மையத்தில் சில மாதங்கள் சக்கர நாற்காலியோடு சேர்த்துப் பயிற்சி நடக்கிறது. இடுப்பு மூட்டில் குறை உள்ளவை, பூனையைக் கண்டால் கட்டுப்படாதவை, எதிர்பாராமல் மிரளுபவை எல்லாம் இடையில் கழிக்கப்பட்டு வீட்டு நாய்களாகப் போய்விடுகின்றன.

பயிற்சி முடிந்த நாயைப் பெறுபவர் இரண்டு வாரம் மையத்திலேயே தங்கிக் கற்க வேண்டும். தொடக்க நாள்களில் ஒரே நாயைக் கையில் கொடுப்பதில்லை. பல நாய்களோடு மாறி மாறிப் பழகவிட்டு, பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று குறிப்பெடுக்கிறார்கள். அக்காவுக்கு முதலில் பிடித்தது கறுப்பு லாப்ரடார் ஒன்று. அது துள்ளலான நாய். அக்காவின் குரலோ மெல்லியது. உரக்கச் சொன்னால்தான் கேட்கும் நாயும் உரக்கச் சொல்ல இயலாதவரும் ஒத்துப்போகமாட்டார்கள் என்று பயிற்சியாளர்கள் சஃப்ரானைப் பரிந்துரைத்தார்கள். அக்காவுக்கு அப்போது மனத்தாங்கல்தான். இப்போது சஃப்ரான் அவர் முணுமுணுப்பதற்கே எழுந்து வருவதைப் பார்த்தால், ஜாதகம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு பொருத்தமாகச் சேர்த்து வைப்பதில்லை என்று தோன்றுகிறது.

இனிச் செலவு. ஒரு நாயைப் பழக்கி முடிக்க 15,000 யூரோவுக்கு மேல், அதாவது நம் கணக்கில் பதினைந்து லட்சம் ரூபாய் அளவுக்கு ஆகிறது. இதில் ஒரு காசுகூடப் பெறுபவரிடம் வாங்குவதில்லை. நன்கொடையும் உயிலில் எழுதி வைக்கப்படும் சொத்துமே சங்கத்தின் முதன்மை வருவாய். நாய் சங்கத்தின் உடைமையாகவே இருக்கிறது. அது எப்படி நடத்தப்படுகிறது என்பதைச் சங்கம் தொடர்ந்து கண்காணிக்கிறது. இதைக் கேட்டு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்: கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இது இச்சேவையின் சிறந்த அம்சங்களில் ஒன்றாகப் படுகிறது. நாய் பொருள் அன்று. கொடுத்த இடத்தில் பட்டினி கிடந்தால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். பத்து வயதை ஒட்டி அதற்கு ஓய்வும் கொடுத்துவிடுகிறார்கள்.

தீனி, தடுப்பூசி, கால்நடை மருத்துவர் செலவு எல்லாம் பெறுபவருடையது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையில் விலங்குப் பராமரிப்புக்கென மாதம் 50 யூரோ தனியே வழங்கும் வசதி பிரான்சில் உண்டு. பெரிய நாய் ஒன்றின் தீனிக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்டால் அக்கா சிரிக்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. தேவைப்படுபவர்கள் அதிகம், ஆண்டுதோறும் தயாராகும் நாய்கள் குறைவு. ஆகவே காத்திருப்பை மாதங்களில் அல்ல, ஆண்டுகளில் கணக்கிட்டுக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது. நாய் ஆளைத் தூக்காது, குளிப்பாட்டாது, சமைக்காது. காலையில் வரும் உதவிப் பெண் இப்போதும் வருகிறார். மழையோ பனியோ அதை வெளியே கூட்டிப் போகத்தான் வேண்டும். வீடெங்கும் முடி, அக்காவின் பட்டுப் புடவைகள் இப்போது அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

நாய் எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும், நாட்டுச் சட்டம் துணை நிற்காவிட்டால் அது வீட்டு வாசலோடு நின்றுவிடும். பயிற்சி பெற்ற நாயோடு பொது இடங்களில் நுழையும் உரிமையைப் பிரெஞ்சு நாடு 1987 ஜூலை 30 சட்டத்தில் தந்தது. 2005-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை வலுப்படுத்தியது. நுழைய அனுமதி மறுப்பவருக்கு 450 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். அப்படியும் ஒரு கடையில் அக்காவைத் தடுத்தார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அக்கா குரலை உயர்த்தாமல் உதவி நாய்க்கான அடையாள அட்டையைக் காட்டினார், மேலாளர் வந்தார், கதவு திறந்தது. சஃப்ரான் அந்த நேரம் முழுவதும் சக்கரத்தை ஒட்டிப் படுத்திருந்தது.

ஆகவே, அங்கிருந்து ஒரு நாயைப் பணம் கொடுத்து வாங்கி வரலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: முடியாது, முடிந்தாலும் வேண்டாம். இந்தச் சங்கம் நாயை விற்பதில்லை. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு பொது இடங்களில் தடையற்ற அணுகலைப் பேசுகிறது. ஆனால் உதவி நாயோடு நுழையும் உரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் போலப் பெயர் சொல்லித் தரும் பிரிவு அதில் இல்லை. காந்தி வீதியில் ஓர் உணவகத்தில் சஃப்ரானோடு நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் சக்கர நாற்காலி நன்றாகவே ஓடும். ஆனால் அந்தச் சாலைக்கு உரிமை கொண்டாடும் நாய்க் கூட்டம் புதிதாக வரும் ஒரு லாப்ரடாரை நிம்மதியாக நடக்கவிடாது. மே மாதத்துத் தார்ச் சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். இங்கே இப்படி ஒரு சேவை தொடங்க விரும்புபவர்கள் நாய்க்குட்டியைத் தேடுவதற்கு முன், நுழைவு உரிமைக்கான சட்டத்தையும், சம்பளமில்லாமல் ஓர் ஆண்டு வளர்த்துத் திருப்பிக் கொடுக்கும் குடும்பங்களையும் தேட வேண்டும். இரண்டாவது கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

பிரான்சில் இருக்கும் உறவினருக்காக விசாரிப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். தெளிவாகக் கட்டளை சொல்ல முடிந்தவரும், நாயை நாள்தோறும் வெளியே கூட்டிச் செல்ல வழி உள்ளவரும், நாயைக் கண்டால் ஒதுங்காதவரும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். தனிமை போக்க மட்டுமே வேண்டுமென்றால் சாதாரண நாய் போதும். உதவி நாய்க்காகக் காத்திருப்பவர்களின் வரிசையில் இடம் பிடிக்க வேண்டாம். நாய் வந்த தொடக்க மாதங்களில் அதற்குக் கட்டளையும் தீனியும் உரியவர் ஒருவரிடமிருந்தே வர வேண்டும் என்பது கண்டிப்பான விதி. என் பெரியம்மா அந்தச் சமயம் பார்த்துத்தான் மகளைக் காணப் போயிருந்தார். யாரும் பார்க்காதபோது மேசைக்கு அடியில் இட்லித் துண்டு நீட்டுவார். சஃப்ரான் சில நாள் அக்கா கூப்பிட்டால் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தது. பயிற்சியாளர் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்ன வழியில் அக்கா அதைத் திரும்பப் பழக்கினார். ஊரிலிருந்து உறவினர்களை அழைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.