ஈக்வாசிஸ்: கப்பலின் கடந்த காலத்தைக் காட்டும் இலவசப் பதிவேடு

பொருளாதாரத் தடைகளைத் தாண்டிக் கச்சா எண்ணெயைக் கொண்டுசெல்லும் நிழல் டேங்கர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், கப்பல்களின் நடமாட்டத்தை வரைபடத்தில் காட்டும் தளங்களைத்தான் பெரும்பாலோர் திறந்து பார்க்கிறார்கள். அந்தக் கப்பல்களை உண்மையில் புரிந்துகொள்ள விரும்புவோர் ஈக்வாசிஸ் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் நகரும் புள்ளிகள் கிடையாது. ஒரு கப்பல் இதுவரை சுமந்த பெயர்கள், பறக்கவிட்ட பதிவு நாட்டுக் கொடிகள், அதை நடத்திய நிறுவனங்கள், துறைமுகங்களில் அதில் கண்டறியப்பட்ட குறைகள் ஆகியவை தேதி வாரியாக அட்டவணைகளில் கிடைக்கின்றன. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால் போதும், கட்டணம் எதுவும் இல்லை.

ஐரோப்பிய ஆணையமும் பிரான்சின் கடல்சார் நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கிய இந்தப் பதிவேடு 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1999 டிசம்பரில், எரிகா என்ற பழைய டேங்கர் பிரிட்டனி கடற்கரைக்கு அருகே இரண்டாக உடைந்து, அதன் எண்ணெய் பிரான்சின் மேற்குக் கரையெங்கும் படிந்திருந்தது. ஆகவே இது தடைமீறலைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அன்று. தரமற்ற கப்பலை அடையாளம் காணவே செய்யப்பட்டது. ஆனால் தடைமீறும் டேங்கர்களில் பல முதுமையும் பராமரிப்பின்மையும் கொண்டவை என்பதால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்றும் அகப்பட்டுவிடுகிறது.

வரைபடத் தளங்கள் ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவியின் ஒலிபரப்பை நம்பியிருக்கின்றன. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். ஆயினும் அதை நிறுத்தும் பொத்தான் கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. 2019 ஜூலையில் ஜிப்ரால்டரில் தடுத்து வைக்கப்பட்ட கிரேஸ் 1 என்ற டேங்கர், ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டு ஏட்ரியன் தர்யா 1 என்ற புதிய பெயருடனும் ஈரான் கொடியுடனும் புறப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் சிரியாவுக்கு மேற்கே அதன் ஒலிபரப்பு நின்றுபோனது. அது டார்ட்டஸ் துறைமுகத்தை ஒட்டி நிற்பதைச் செயற்கைக்கோள் படங்கள்தாம் காட்டின. பொய்யான இடத்தை ஒலிபரப்புவது இதைவிட மோசமானது, ஏனெனில் திரையில் கப்பல் ஒரு நடுக்கடலில் அமைதியாக மிதந்துகொண்டிருக்க, உண்மையில் அது வேறொரு நாட்டின் ஏற்றுமதி முனையத்தில் எண்ணெயை நிரப்பிக்கொண்டிருக்கும்.

ஈக்வாசிஸில் தேடும்போது பெயரை இடுவதைவிட ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண்ணை இடுவதே நல்லது. கப்பல் கட்டப்படும்போது தரப்படும் இந்த எண், பெயரும் கொடியும் உரிமையாளரும் எத்தனை முறை மாறினாலும் மாறாது. அதன் பெறுமதிக்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் கிவாலா என்ற பெயரில் எஸ்டோனியா தடுத்து வைத்த டேங்கரில், அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படையினர் ஏறினார்கள். அப்போது அது பொராக்காய் என்றும் புஷ்பா என்றும் அறியப்பட்டது. செய்திகளை மட்டும் படிப்பவர் இவற்றை வெவ்வேறு கப்பல்கள் என்றே எண்ணியிருப்பார். எண் ஒன்றே என்பதால் பதிவேட்டில் எல்லாப் பெயர்களும் ஒரே பக்கத்தில் வந்து சேர்கின்றன.

உடைக்கப்பட்டுவிட்ட கப்பலின் எண்ணைத் திருடிப் பயன்படுத்தும் வழக்கமும் இருக்கிறது. இறந்த கப்பலின் அடையாளத்தில் உலவும் இத்தகைய டேங்கரை வரைபடம் இயல்பான கப்பலாகவே காட்டக்கூடும். ஈக்வாசிஸில் அந்த எண்ணுக்கு எதிரே, கப்பல் உடைக்கப்பட்டது என்ற குறிப்பு நிற்கும்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிவேட்டின் உயிர், தேதிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில் இருக்கிறது. ஜி7 நாடுகள் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என்ற விலை வரம்பை 2022 டிசம்பர் 5 முதல் நடைமுறைப்படுத்தின. அதற்கு மேற்பட்ட விலையில் விற்ற எண்ணெயை ஏற்றும் கப்பலுக்கு மேற்கத்தியக் காப்பீடு கிடைக்காது என்பது அப்போதைய விதி. உலகின் பெருங்கடல் கப்பல்களில், டன் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காப்பளிக்கும் 12 பி அண்ட் ஐ சங்கங்களின் (கப்பல் உரிமையாளர்களின் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்கள்) பன்னாட்டுக் குழுவும் இந்தக் கட்டுப்பாட்டை மீற முடியாது. ஆகவே அந்தத் தேதியையொட்டி ஒரு பழைய டேங்கரின் பக்கத்தில் உரிமையாளர் மாறி, சில வாரங்களில் மேலாண்மை நிறுவனம் மாறி, அதன்பின் காப்பீட்டுச் சங்கத்தின் பெயர் மறைந்து, கொடியும் மாறியிருந்தால், அந்த வரிசையே பெரும்பகுதிக் கதையைச் சொல்லிவிடும். கப்பலின் தரத்தை ஆய்ந்து சான்றளிக்கும் கிளாஸ் நிறுவனம் தன் சான்றிதழை எப்போது திரும்பப் பெற்றது என்பதையும் அதே பக்கத்தில் பார்க்கலாம். தனித்து நோக்கினால் இவற்றில் எதுவும் குற்றமாகாது, கப்பல் விற்பனை அன்றாட வணிகம்தான். எல்லாம் அடுத்தடுத்து நிகழ்ந்திருந்தால் மட்டுமே ஐயம் வலுக்கிறது.

துறைமுக ஆய்வுகளின் பகுதியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. துறைமுகங்களில் அயல்நாட்டுக் கப்பல்களை ஆய்வதற்கான பாரிஸ், டோக்கியோ ஒப்பந்தங்களின் நாடுகளும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் பிறரும் நடத்திய ஆய்வுகள், கண்ட குறைகள், தடுத்து வைத்த நாள்கள் அங்கே உள்ளன. தீயணைப்பு அமைப்பிலும் உயிர்காப்புப் படகிலும் திரும்பத் திரும்பக் குறை பதிவான கப்பலைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் ஓர் ஆய்வுகூட இல்லாத பக்கம் அதைவிட அதிகக் கவலை தருவது, ஏனெனில் கண்டிப்பான துறைமுகங்களை அந்தக் கப்பல் தவிர்த்துவந்திருக்கலாம்.

குறைகளும் உண்டு. பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்று தரப்படும் பெயர், பல நேரங்களில் ஒரே ஒரு கப்பலுக்காகச் சேஷெல்ஸிலோ மார்ஷல் தீவுகளிலோ தொடங்கப்பட்ட பெயரளவு நிறுவனம். அதன் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்பதை இந்தப் பதிவேடு சொல்லாது. அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் தடைப் பட்டியல்களை அவற்றின் அதிகாரபூர்வத் தளங்களில்தான் சரிபார்க்க வேண்டும். மாற்றங்கள் உடனுக்குடன் ஏறுவதில்லை என்பதால், நேற்று மாறிய கொடியை இன்று தேடிப் பயனில்லை. பக்க அமைப்பு பழமையானது, சுருக்கக் குறியீடுகள் புதியவரைத் தடுமாற வைக்கும், தமிழில் இல்லை. காசில்லாமல் இவ்வளவு தரும் சேவையிடம் அழகான திரையையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

பத்திரிகையாளரையும் ஆய்வாளரையும்விட, வேலைக்குச் சேரவிருக்கும் மாலுமிக்கே இந்தப் பதிவேடு மிக அவசியம். 2023 மே 1 அன்று மலேசியாவுக்கு அருகே பாப்லோ என்ற டேங்கர் வெடித்தது. கேபான் கொடியின் கீழ் ஓடிய அந்தக் கப்பல் 1997இல் கட்டப்பட்டது. அது முன்பு பல பெயர்களில் ஓடியது. 28 பேர் இருந்த அதில் மூவர் கரை திரும்பவில்லை. இத்தகைய கப்பல்களில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்க முகவரிகூட இல்லாமல் குடும்பங்கள் அலைய நேரிடும். ஆள் எடுக்கும் முகவர் கப்பலின் பெயரை மட்டும் சொன்னால் ஐ.எம்.ஓ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்; தர மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். எண் கிடைத்ததும் கட்டிய ஆண்டு, கிளாஸ், காப்பீட்டுச் சங்கம், கடைசி ஆய்வின் தேதி ஆகிய நான்கையும் பாருங்கள். கப்பலுக்கு 20 வயதுக்கு மேலாகி, காப்பீட்டு இடத்தில் எந்தப் பெயரும் இல்லாமல், ஓராண்டுக்குள் இருமுறை கொடி மாறியிருந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.